அன்றாட வாழ்வில் கிறித்தவ நெறி: ஒங்கோல் மாதிக மக்கள் காட்டிய வழி

தோற்றுவாய்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சமய, சமூகச் சீர்திருத்த இயக்கங்களைப் பற்றிய பாடம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, எங்கள் பாட்டனார் காலத்திலேயே நாங்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டோம். ஆனாலும் ஊரார் எங்களைப் பழைய பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அப்படியானால் வேதத்தில் சேர்ந்ததால் என்னதான் மாறியது?" என்று வினவினான்.

வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. பாட நூலில் அக்கேள்விக்கு விடை இல்லை. மணி அடித்தது, அவனும் சென்றுவிட்டான். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டுச் செல்லவில்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, அம்மாணவனுக்கு அன்று கூற இயலாமற்போன விடையையே எழுதுவது எனத் துணிந்தேன்.

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். ஒரு சமயத்தை உயர்த்துவதோ மற்றொன்றைத் தாழ்த்துவதோ என் நோக்கமன்று. ஏடறியாத எளிய மக்கள், தாம் ஏற்றுக்கொண்ட ஒரு நெறியை ஆலயத்தில் மட்டுமன்றி அடுப்படியிலும், களத்துமேட்டிலும், ஊர்த் திருவிழாவிலும் எவ்வாறு கடைப்பிடித்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை எடுத்துரைப்பதே நோக்கமாகும்.

மாதிக மக்களின் நிலை

இன்றைய ஆந்திர மாநிலத்துப் பிரகாசம் மாவட்டத்தில் உள்ளது ஒங்கோல் நகரம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக இருந்தது. அவ்வட்டாரத்தில் தோல் தொழில் செய்து வாழ்ந்தவர் மாதிக மக்கள். நம் மாநிலத்து அருந்ததியருக்கு நெருங்கிய உறவினர் என்று இவர்களைக் கூறலாம்.

உழவனுக்குச் செருப்பு, மாட்டுக்கு வார், கிணற்றுக்குத் தோற்சால் ஆகியவற்றைச் செய்து கொடுப்பது மாதிகரின் கடமை. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துச் செல்வதும் அவர்கள் கடமையே. திருவிழாவிலும் சாவிலும் தப்பு அடிப்பதும், அழைத்த நேரத்தில் வயலில் இறங்குவதும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. இவற்றுக்கு ஈடாக அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போடும் தானியமும், செத்த மாட்டின் தோலும் இறைச்சியும் அவர்களுக்குக் கிடைத்தன.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கொடுக்கல் வாங்கல் போலத் தோன்றும். ஆனால் இவ்வேற்பாட்டில் 'முடியாது' என்னும் சொல்லுக்கு இடமே இல்லை. கூலி இவ்வளவு என்று பேசும் உரிமையில்லை. இன்று வரமாட்டேன் என்று கூறும் உரிமையில்லை. செத்த மாட்டின் இறைச்சி பசிக்கு உணவாக இருந்தது மெய். அதுவே 'நீ இழிந்தவன்' என்று நாள்தோறும் நினைவூட்டும் முத்திரையாகவும் இருந்தது.

தோல் வணிகர் பேரய்யா

இம்மக்களிடையே தோன்றியவர் யெர்ரகுண்ட்ல பேரய்யா. ஒங்கோலுக்கு மேற்கே ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவிலுள்ள தல்லகொண்டபாடு என்பது அவர் ஊர். தோல் வாங்கி விற்பது அவர் தொழில். கிறித்தவத்தைக் கேள்விப்படுவதற்கு முன்பே அவர் மெய்ப்பொருளைத் தேடி அலைந்தவர். பெண் குரு ஒருவரை அடுத்து யோக நெறி பயின்றவர்; தம்மை நாடி வந்தோருக்கு அதனைக் கற்பித்தும் வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சமயச் சிந்தனை இல்லை, வயிற்றுப் பசி ஒன்றே உண்டு என்று எழுதியோர் பலர். பேரய்யாவின் வாழ்வு அக்கூற்றைப் பொய்யாக்குகிறது.

தோல் வணிகத்தின் பொருட்டு வடக்கே ஏலூர்ப் பக்கம் சென்றிருந்தபோது அவர் கிறித்தவ போதகம் கேட்டார். அதுவே தாம் தேடியது என்று அவர் உள்ளம் உணர்ந்தது. 1866ஆம் ஆண்டில் அவரும் அவர் மனைவி நாகம்மாவும் அமெரிக்க பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தோரிடம் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் ஒங்கோலில் குடியேறியவர் ஜான் எவரெட் கிளஃப் (1836–1910) என்னும் அமெரிக்க மிஷனெரி. இளமையில் நில அளவைப் பணியில் உழைத்தவர் அவர்.

பேரய்யா மிஷன் வளாகத்தில் தங்கிவிடவில்லை. தம் ஊருக்கே திரும்பினார். தோல் வாங்கச் சென்ற ஊர்தோறும் தம் உறவினரிடம் பேசினார். 1867 சனவரியில் கிளஃப் தல்லகொண்டபாட்டுக்குச் சென்றபோது சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் தத்தம் உணவைக் கட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் காத்திருந்தனர். அவர்களைச் சில நாள் உடனிருந்து ஆராய்ந்தறிந்த பின் இருபத்தெட்டுப் பேருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. மிஷனெரி விதைத்த வயலன்று அது. ஒரு தோல் வணிகர் விதைத்திருந்த வயலை மிஷனெரி சென்று கண்டார் என்பதே பொருந்தும்.

பள்ளியில் நேர்ந்த சோதனை

சோதனை முதலில் வந்தது மிஷனெரிக்கே. கிளஃப் ஒங்கோலுக்கு வந்த தொடக்க நாள்களில் உயர்சாதியார் அவரை அன்புடன் வரவேற்றனர். தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றனர், பள்ளியும் தொடங்கிற்று. அந்நிலையில் மாதிகர் திருமுழுக்குப் பெற வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் தம் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று உயர்சாதியார் தெளிவாகக் கூறிவிட்டனர்.

மேற்சாதியார் சேர்ந்தால் மற்றவர் தாமாகப் பின்தொடர்வர் என்பது அக்காலத்து மிஷனெரிகள் பலருடைய கணக்கு. கிளஃப்பும் கலங்கினார். அவரும் அவர் மனைவியாரும் வெவ்வேறு அறையில் தனித்திருந்து வேதத்தைத் திறக்க, இருவர் கண்ணிலும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே பட்டது என்பர். வலியோரை வெட்கப்படுத்த எளியோரையே இறைவன் தெரிந்துகொண்டார் எனக் கூறும் பகுதி அது. மாதிகர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உயர்சாதிப் பிள்ளைகள் பள்ளியைவிட்டு வெளியேறினர்.

ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வருகைப் பதிவேடு வெறுமையாகும் என்று தெரிந்தும் எடுக்கப்பட்ட முடிவு அது. தன் கொள்கைக்காகத் தன் மாணவர்களையே இழக்கத் துணிவது எளிதன்று.

மூன்று விதிகள்

திருமுழுக்குப் பெற விரும்பிய மாதிகருக்கு மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது, சிலைகளை வணங்கலாகாது. கேட்பதற்கு இவை எளிய விதிகளாகத் தோன்றும். நம்மில் பலர், இவை சமயச் சடங்கு பற்றியவை, இவற்றுக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு என்று வினவுதல் கூடும். ஒவ்வொன்றையும் மாதிகரின் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்த்தாலன்றி அவற்றின் வலிமை விளங்காது.

முதலாவதாக, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வேலை நாளையும் ஓய்வு நாளையும் நிலக்கிழார் முடிவு செய்த ஊரில், 'ஏழில் ஒரு நாள் எனக்குரியது' என்று ஒரு பண்ணையாள் கூறுவது சிறு செயலன்று. அறுவடை நாளில் ஞாயிறு வந்தால் என் செய்வது? ஒரு நாள் வேலைக்கு வாராமைக்காக ஆண்டு முழுவதற்குமான தானியத்தை இழக்க நேரலாம். தன் காலம் தனக்கே உரியது என்று அவர்கள் முதன்முதலாக அறிவித்தது அந்த ஓய்வு நாளில்தான்.

இரண்டாவதாக, செத்த மாடு. அதை உண்ணமாட்டோம் என்பது ஊரின் ஏற்பாட்டில் ஒரு கண்ணியை அறுப்பதாகும். இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். மாட்டிறைச்சி உண்பது இழிவு என்பதன்று இதன் பொருள். யார் எதை உண்பது என்பது அவரவர் உரிமை. நோயுற்றுச் செத்ததே உனக்குரிய உணவு, அதற்கு மேல் உனக்குத் தகாது என்று மற்றொருவர் விதித்ததை மறுத்ததே இங்குப் பொருள். இம்மறுப்பைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலயத்தில் வாக்குக் கொடுப்பவர் ஆண்; பிள்ளைகள் பசித்து அழும்போது அவ்வாக்கை அடுப்படியில் நிறைவேற்ற வேண்டியவர் தாய் அல்லவா?

மூன்றாவது விதியின் விளைவு திருவிழாவில் வெளிப்பட்டது. சிலை வணக்கத்தை விட்டவர், அத்தெய்வத்துக்கு முன் தப்பு அடிக்கவும் மறுத்தனர். தப்பு இல்லாமல் தேவதை விழா நடவாது. ஊர்த் தலைவர்கள் சினந்தனர். வேலை மறுத்தும், வழக்கமாகக் கொடுத்ததை நிறுத்தியும், அடித்தும் அவர்களைப் பணியவைக்க முயன்றனர். ஆண்டவனை யார் வணங்கினாலும் ஊரார்க்குக் கவலையில்லை. தப்பு ஒலிக்கவில்லை என்றபோதுதான் அவர்களுக்குக் கோபம் வந்தது. நம்பிக்கை நெஞ்சுக்குள் இருந்தவரை எவரும் எதிர்க்கவில்லை. அது கையைத் தடுத்தபோதே எதிர்த்தனர்.

இவ்விடத்தில் என் தந்தையாரை நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் ஊர்ச்சாவுக்குப் பறையடிப்பது எங்கள் தெருவின் கட்டாயக் கடமையாக இருந்தது. என் தந்தையார் ஒருநாள், "இனி எங்கள் வீட்டிலிருந்து ஆள் வராது" என்று கூறிவிட்டார். அவ்வாண்டு எங்களுக்குக் களத்தில் நெல் அளக்கப்படவில்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு. அன்றிரவு அவர் என்னிடம் கூறியது ஒன்றுதான்: "நீ பள்ளிக்கூடம் போவதை மட்டும் நிறுத்தாதே." இன்று பறையும் தப்பும் நம் கலையாகப் போற்றப்படுகின்றன, மேடையேறுகின்றன. அது மகிழ்ச்சிக்குரியதே. அன்று அவர்கள் மறுத்தது கருவியையன்று, கட்டாயத்தையே.

பஞ்சமும் திருமுழுக்கும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலக்கக்கணக்கான மக்கள் மாண்டனர். அரசினர் பஞ்ச நிவாரணப் பணிகளுள் ஒன்றாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டினர். அதில் சுமார் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் ஏற்றார். மாதிக உபதேசியார்களையே மேற்பார்வையாளராக அமர்த்தினார். பசித்து வந்த ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்து கூலி பெற்றனர். உச்சி வேளையில் ஓய்ந்திருந்தபோது உபதேசியார்களோடு பேசினர்.

அந்நாளில் பலர் திருமுழுக்குக் கேட்டனர். கிளஃப் மறுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பழி வரலாகாது என்பதற்காக, 1877 மார்ச்சு தொடங்கி ஓராண்டுக்கு மேலாக எவருக்கும் திருமுழுக்கு அளிக்கப்படவில்லை. நிவாரணப் பணி முடிந்து, கொடுப்பதற்குப் பணமும் தானியமும் இல்லாத நிலையிலேயே அவர் கதவைத் திறந்தார். அப்போதும் மக்கள் வந்தனர். ஒங்கோலுக்கு வடக்கே குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் உள்ள வெல்லம்பல்லியில் அவர்கள் கூடினர். ஒவ்வோர் உபதேசியாரும் தம் ஊர் மக்களோடு நின்று, இன்னார் இன்ன ஒழுக்கமுடையவர் என்று சான்று கூறினர். சான்று பெறாதவர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1878 சூலை 2, 3, 4 ஆகிய மூன்று நாள்களில் 3,536 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவற்றுள் சூலை 3ஆம் நாள் ஒன்றில் மட்டும் 2,222 பேர். ஆற்றில் இறங்கித் திருமுழுக்கு அளித்தவர்கள் இந்திய உபதேசியார் அறுவர். இருவர் இருவராக முறைவைத்து அப்பணியை முடித்தனர். அவ்வாண்டு இறுதியில் ஒங்கோல் திருச்சபையின் உறுப்பினர் தொகை 12,000-ஐக் கடந்தது.

2,222 என்ற எண் உலகெங்கும் மிஷன் ஏடுகளில் அச்சாயிற்று. வரலாற்று மாணவனாகிய நான் அவ்வெண்ணைவிட, அதற்கு மறுநாளைப் பற்றியே மிகுதியாக எண்ணுகிறேன். நனைந்த உடை காய்ந்ததும் அவ்வளவு பேரும் தத்தம் சேரிக்குத்தான் திரும்பினர். அங்கே அதே நிலக்கிழார், அதே கணக்கப்பிள்ளை, அதே வயல். மிஷன் வளாகத்தின் மதில் அவர்களுக்குக் காவலாக இல்லை. ஒரு ஞாயிறு, ஒரு செத்த மாடு, ஒரு திருவிழா என ஒவ்வொன்றாக அவர்கள் எதிர்கொண்டனர். ஆற்றில் நடந்தது ஒரு நாள் நிகழ்ச்சி. சேரியில் நடந்ததோ ஆண்டுக்கணக்கான வாழ்க்கை.

உபதேசியாரைப் பேணிய முறையும் குறிப்பிடத்தக்கது. தம் குருவுக்கு உணவிட்டுப் போற்றும் பழைய வழக்கத்தையொட்டி, ஊர் மக்களே உபதேசியாருக்கு உணவளித்தனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் ஒங்கோலில் கூடி, ஊர்ச் செய்திகளைப் பேசி, கற்று, மீண்டனர். சிற்றூர்ப் பள்ளிகள் எழுந்தன. கிளஃப்பின் இரண்டாம் மனைவியாராகிய எம்மா அம்மையார் இம்மக்களின் முதியோர் கூறிய வரலாறுகளைக் கேட்டெழுதி, 'செருப்புத் தைக்கும் வேளையில்' என்று பொருள்படும் தலைப்பில் 1899-இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். நம்மவர் வரலாற்றை நம்மவர் வாய்மொழியிலிருந்தே பதிந்த பழைய நூல்களுள் அதுவும் ஒன்று.

பஞ்சாபில் ஒரு தோல் வணிகர்

ஊருக்கே திரும்புதல் என்னும் இத்துணிவு ஒங்கோலுக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ அதே காலத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டுப் பகுதியில் டித் என்பவர் வாழ்ந்தார். சூஹ்ரா என்னும் தீண்டப்படாத வகுப்பினர். ஒரு கால் ஊனமுற்றவர். பேரய்யாவைப் போலவே தோல் வாங்கி விற்றவர்.

1873 சூன் மாதத்தில் அவர் சாமுவேல் மார்ட்டின் என்னும் மிஷனெரியிடம் வந்து திருமுழுக்குக் கேட்டார். பெற்றவுடனே ஊர் திரும்பிவிடுவேன் என்றும் கூறினார். புதிதாகச் சேர்ந்தவரை மிஷன் வளாகத்தில் வைத்துக் காப்பதே அக்கால வழக்கம். ஆதலால் மார்ட்டின் தயங்கினார். மறுப்பதற்கு வேத ஆதாரம் காணாமையால் இறுதியில் இசைந்தார். டித் ஊர் திரும்பினார். உறவினர் வைதனர், உடன் உண்ண மறுத்தனர். அவர் தம் தொழிலை விடவில்லை, ஊரையும் விடவில்லை. இரண்டு மாதத்தில் தம் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அம்மாவட்டத்துச் சூஹ்ரா மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர் வழியைப் பின்பற்றினர்.

இரு தோல் வணிகர்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மெத்தப் படித்த மிஷனெரிகள் காணத் தவறிய ஓர் உண்மையை இருவரும் கண்டனர். தன்னை நன்கு அறிந்தவர் நடுவில் மாறி வாழ்ந்து காட்டுவதே மாற்றம் என்பதுதான் அது.

தமிழர் ஒருவரின் பங்கு

தெலுங்கு நாட்டு எளிய மக்களின் பணியில் தமிழர் ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களே அவர். 1912-இல் இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் அமர்ந்தார். அவர் மந்தையில் பெரும்பாலோர் மாலரும் மாதிகருமாவர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று கூறி அவற்றுக்கு எதிராக அவர் ஓயாது உழைத்தார். செபம் மட்டும் போதும் என்று அவர் கூறவில்லை. கடன் வாங்காதிருப்பதும் குடியாதிருப்பதும் அவர் கண்ட வழிபாட்டின் பகுதிகள்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் இளைஞராகிய அசரியா எழுந்து பேசினார். ஐரோப்பிய மிஷனெரிகள் எங்களுக்காகப் பொருளும் உயிரும் தருகின்றீர்கள். ஆயின் எங்களை நண்பராகக் கொண்டு உங்கள் உணவு மேசையில் அமர்த்துவதில்லையே என்ற கருத்தில் அவர் முறையிட்டார். கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. உடனிருந்து உண்ணுதல் என்னும் அன்றாடச் செயலில் நம்பிக்கையை அளந்து காட்டிய பேச்சு அது.

குறையையும் கூறுதல் வேண்டும்

வரலாறு எழுதுவோன் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் அறமாகாது. மாதிகர் சேர்ந்த சபையில் மாலர் சேரத் தயங்கினர். மாலர் சேர்ந்த சபையில் மாதிகர் ஒதுங்கினர். இருவருமே ஒடுக்கப்பட்டவர், இருவருக்கும் ஒரே வேதம், ஆயினும் இடையே வேலி இருந்தது.

தமிழகத்தில் நிலை இன்னும் கசப்பானது. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று 1833-இல் கண்டிப்பாக எழுதினார். விளைவு என்ன? சாதியை விட மனமில்லாத பலர் சபையைவிட்டு விலகினர். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு, எச்சாதியார் சமைத்ததையும் உண்ண இசைபவரே சபையில் சேரத் தக்கவர் என்ற கருத்துப்பட முடிவெடுத்தது. அம்மாநாட்டார் சோதனையை உணவுத் தட்டில் வைத்தது எத்துணைக் கூர்மையான அறிவு! வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கிறித்தவம் தழுவிய தீண்டப்படாதோரின் நிலையை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளில், மதம் மாறியும் சாதி மாறவில்லையே என்று கடுமையாக வினவினார். அவ்வினாவுக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. அதே அண்ணல் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்று மகர் மக்களை அறைகூவி அழைத்தார். தல்லகொண்டபாட்டு மாதிகர் அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவும் அதுவே. வெவ்வேறு வழியில் வந்த இருவரும் ஒரே இடத்தில் கைவைத்தனர். தன்மானம் அன்றாடச் செயலில்தான் தொடங்குகிறது என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

சட்டமும் ஒரு விலையை விதித்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியார் என்னும் தகுதியை இந்து சமயத்தாருக்கே உரியதாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஊரார் கண்ணில் மாறாத சாதி, சட்டத்தின் கண்ணில் மட்டும் மாறிவிட்டது. இம்முரண்பாட்டைச் சுமந்தே பல குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்துள்ளன.

முடிவுரை

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். வேதத்தில் சேர்ந்ததால் என்ன மாறியது?

ஊரார் மாறவில்லை, அது மெய். பெயர் மாற்றினால் ஊரார் மாறுவர் என்று எண்ணியிருந்தால் பேரய்யா ஏமாந்திருப்பார். அவர் அப்படி எண்ணவில்லை. 'முடியாது' என்று சொல்லத் தெரியாதிருந்த மக்கள் மூன்று இடங்களில் 'முடியாது' என்று சொல்லக் கற்றனர். தம் பொழுதில் ஒரு பகுதி தமக்குரியது என்றனர். எறிந்ததைத் தின்னமாட்டோம் என்றனர். கட்டாயத்துக்குக் கொட்டமாட்டோம் என்றனர். இவை மாறியபின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். அப்பிள்ளைகளின் வழிவந்தோரே பின்னர் ஆசிரியராயினர், செவிலியராயினர், அலுவலராயினர். மாற்றம் நேர்ந்த இடங்களில் அது இவ்வாறே நேர்ந்தது. வேலி எழுந்த இடங்களிலோ, பாட்டும் செபமும் இருந்தன. அன்றாட மறுப்பு மட்டும் நின்றுபோயிற்று.

இளைஞர்களே! நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் ஆகுக. எச்சமயத்தையும் சாராதவராயினும் ஆகுக. இன்று உங்கள் வாசலில் செத்த மாடு கிடப்பதில்லை. ஆயினும் உங்களைத் தாழ்த்தி வைக்கும் வழக்கங்கள் வேறு உருவில் உள்ளன. திருமணத்துக்காகத் தலைக்கு மேல் ஏறும் கடன் அவற்றுள் ஒன்று. தந்தையின் கூலியை மாலையிலேயே பறிக்கும் குடி மற்றொன்று. நம்மினும் தாழ்ந்தவர் இவர் என்று நம் பக்கத்துத் தெருவாரை நாமே விலக்கிவைக்கும் உட்சாதி எண்ணம் எல்லாவற்றினும் கொடியது. இவற்றுள் எதை மறுக்கப்போகிறீர்கள் என்பதே உங்கள் நம்பிக்கையின் அளவுகோல்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் மாலை வகுப்பு நடத்தியும், நூல்கள் வழங்கியும், கட்டணம் செலுத்த இயலாதோர்க்குக் கைகொடுத்தும் வந்துள்ளது. உறுப்பினர்கள் தம் சிறு வருவாயில் மாதந்தோறும் எடுத்துவைத்த தொகையால் நடந்த பணி அது. தல்லகொண்டபாட்டு மக்கள் உணவைக் கட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் காத்திருந்த அதே மனம் இதிலும் உண்டு.

அம்மாணவன் இப்போது கல்லூரியில் பயில்கிறான் என்று அறிகிறேன். இம்மலர் அவன் கைக்குக் கிட்டுமானால், அன்று மணி அடித்தமையால் நின்றுபோன பாடத்தின் எஞ்சிய பகுதியாக இதனை அவன் ஏற்பானாக.